தனியாக ஒரு சாக்ஸபோன்: கூட யாருமில்லாத பதிவுகள்

நம்மில் பலருக்குச் சாக்ஸபோன் என்றால் 1994-இல் வந்த 'டூயட்' படமும் கத்ரி கோபால்நாத்தும்தான். ஆனால் கச்சேரியில் அவர் ஆலாபனை செய்யும்போதுகூடத் தனியாக இருந்ததில்லை. பின்னால் சுருதி ஓடிக்கொண்டிருக்கும், வயலின் ஒவ்வொரு பிடியையும் வாங்கித் திருப்பித் தரும், கொஞ்ச நேரத்தில் மிருதங்கமும் சேர்ந்துகொள்ளும். ஜாஸிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். சாக்ஸபோன்காரர் முன்னால் நின்று என்ன வித்தை காட்டினாலும் பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றும் பின்னால் நின்று அவரைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

அந்த மூன்றையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசித்தவர்களைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம். சுருதி இல்லை, தாளம் இல்லை, ஒரு ஆள், ஒரு கருவி. கேட்கச் சலிப்பாக இருக்காதா என்று தோன்றும். நியாயமான சந்தேகம்தான். இந்த வகையில் வந்த ஆல்பங்களில் பாதி உண்மையிலேயே சலிப்பு. மீதிப் பாதியில் எனக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பியானோக்காரர் தனியாக உட்கார்ந்தால் யாருக்கும் அது அதிசயமில்லை. இடது கை அடித்தளம் போடும், வலது கை மெட்டைப் பார்த்துக்கொள்ளும். சாக்ஸபோன் அப்படியில்லை. அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை வாங்கியபோது அவர் மனதில் இருந்தது ராணுவ பேண்டு: பலர் சேர்ந்து ஊதவேண்டிய கருவி, ஒவ்வொருவருக்கும் ஒரு நேரத்தில் ஒரு சுரம். அதைத் தனியாக ஊதினால் உடனே இரண்டு குறைகள் தெரிந்துவிடும். வாசிக்கும் சுரத்துக்கு அடியில் என்ன கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) இருக்கிறது என்று சொல்ல யாருமில்லை. அப்புறம், மூச்சு வாங்கும்போதெல்லாம் இசை நின்றுபோகிறது. இந்த இரண்டையும் யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று கவனித்துக் கேட்டால் ஒரு பதிவுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் சட்டென்று பிடிபடும். குறையை மறைத்தவர்கள் உண்டு. அதையே மூலதனமாக்கியவர்களும் உண்டு. என் வாக்கு இரண்டாவது கட்சிக்குத்தான்.

கோல்மன் ஹாக்கின்ஸிலிருந்து தொடங்குவதுதான் முறை. டெனர் என்ற கனத்த குரல் சாக்ஸபோனுக்கு ஜாஸில் ஒரு மரியாதையை வாங்கிக்கொடுத்தவர் அவர். 1939 அக்டோபரில் 'பாடி அண்ட் சோல்' பாடலைப் பதிவுசெய்தபோது, மூல மெட்டைத் தொடக்கத்தில் லேசாகத் தொட்டுவிட்டு மீதி நேரம் முழுக்க அதன் கார்டுகளின் மேல் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே போனார். மெட்டு பெரும்பாலும் இல்லாத அந்த இசைத்தட்டு நன்றாகவே விற்றது. மெட்டை எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. துணை வாத்தியங்களை எடுத்துவிட்டாலும் நிற்குமா என்பதற்கு அவர் 1948-இல் கொடுத்த பதில் 'பிகாசோ'.

தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் அப்போது 'தி ஜாஸ் சீன்' என்ற ஆடம்பரத் தொகுப்பு ஒன்றைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டுகள், எண்ணிட்ட 5000 பிரதிகள், விலை 25 டாலர். அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை அல்ல. அதற்காக ஹாக்கின்ஸ் வாசித்துக் கொடுத்ததுதான் இந்த மூன்றே கால் நிமிடம். கிரான்ஸ் எழுதிய குறிப்பின்படி, ஹாக்கின்ஸ் முதலில் பியானோ முன்னால் உட்கார்ந்து இரண்டு மணிநேரம் யோசித்திருக்கிறார். பிறகு இரண்டு மணிநேரம் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறார். எதுவும் திருப்தியாக வரவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அந்த உழைப்பு காதில் விழுகிறது. கீழே ஒரு கனத்த சுரத்தைத் தட்டிவிட்டு மேலே தாவி ஒரு வளைவை வரைகிறார், திரும்பக் கீழே வந்து இன்னொன்றைத் தட்டுகிறார். பாஸ் வாசிப்பவரின் வேலையையும் தானே பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லலாம். 1945-இலேயே 'ஹாக் வேரியேஷன்' என்று ஒன்றைத் தனியாகப் பதிந்திருக்கிறார், ஆனால் 'பிகாசோ'வின் கட்டுக்கோப்பு அதில் இல்லை. ஒரு ஒப்புதலும் சொல்லிவிட வேண்டும்: 'பிகாசோ'வை நான் வியக்கிறேனே தவிர, அடிக்கடி எடுத்துக் கேட்பதில்லை. பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்தவர் எழுதிய விடைத்தாளில் இருக்கும் விறைப்பு அதில் இருக்கிறது.

அந்த விறைப்பைக் கழற்றியவர் சானி ராலின்ஸ். 1957-இல் 'தி சவுண்ட் ஆஃப் சானி' ஆல்பத்தில் 'இட் குட் ஹேப்பன் டு யூ' பாடலையும், அடுத்த வருடம் 'பாடி அண்ட் சோல்' பாடலையும் தனியாக வாசித்தார். இரண்டாவது பாடலைத் தேர்ந்தெடுத்ததே ஹாக்கின்ஸுக்கு வைத்த வணக்கம்தான். ராலின்ஸின் ரகசியம் தாளம். டிரம்ஸ் இல்லாவிட்டாலும் அவருக்குள் ஒரு டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அவர் நிறுத்தும் இடத்தில் நம் கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும், அடுத்த வாக்கியம் சரியாக அந்தத் தாளத்தின் மேல் வந்து உட்காரும். 1959 கோடையிலிருந்து 1961 வரை மேடைகளை விட்டு ஒதுங்கி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் போய் நின்று அவர் சாதகம் செய்தது ஊரறிந்த கதை. வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்பதால் பாலத்தைத் தேடிப் போனார். ரயில், படகு, வாகனச் சத்தத்துக்கு நடுவே தனியாக நின்று வாசித்த அந்த இரண்டு வருடம் பதிவாகவில்லை. பதிவானது 1985-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சிற்பத் தோட்டத்தில் அவர் தனியாகக் கொடுத்த கச்சேரி, 'தி சோலோ ஆல்பம்'. நினைவுக்கு வரும் பாட்டையெல்லாம் ஒரு வரி வாசித்துவிட்டு அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கிறார். கூட்டம் ரசிக்கிறது. தட்டில் கேட்கும்போது எனக்கு அது அலைச்சலாகப் படுகிறது. 1957-இன் மூன்று நான்கு நிமிடங்களே போதும்.

எரிக் டால்ஃபி விஷயம் வேறு. 1960 டிசம்பர் 21 அன்று ஒரே நாளில் இரண்டு பதிவுகளில் அவர் வாசித்தார். ஒன்று, சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்'. ஒரு முழு ஆல்பம் நீளத்துக்கு எட்டுப் பேர் சேர்ந்து உண்டாக்கிய கலவரம் அது. இன்னொன்று அவருடைய சொந்த ஆல்பமான 'ஃபார் க்ரை'. அதில் 'டெண்டர்லி' என்ற பழைய காதல் பாட்டை, டெனரைவிடச் சற்று உயர்ந்த குரலுள்ள ஆல்டோ சாக்ஸபோனில் தனியாக வாசிக்கிறார். அந்தக் கலவரமும் இந்தத் தனிமையும் ஒரே நாள் வேலை என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மெட்டை மரியாதையாகத்தான் ஆரம்பிக்கிறார். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு தாவல், ஒரு சுழல், வாத்தியம் திடீரென்று மனிதக் குரலில் கேவுவதுபோல் ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த வரிக்கு வந்துவிடுவார். லீ கோனிட்ஸின் 'லோன்-லீ' (1974) இதற்கு நேர் எதிர். 'தி சாங் இஸ் யூ' என்ற ஒரே பாடலை 35 நிமிடத்துக்கு மேல், அலட்டிக்கொள்ளாமல், வறண்ட தொனியில் துருவிக்கொண்டே போகிறார். கார்டுகள் எதுவும் கேட்பதில்லை, ஆனால் அவர் ஒரு இடத்திலும் வழி தவறுவதில்லை. பொறுமை இருப்பவர்களுக்கு.

இதுவரை சொன்னவர்கள் எல்லோருக்கும் ஒரு கைப்பிடி இருந்தது: நாம் ஏற்கனவே அறிந்த பாட்டு. அந்தப் பாட்டு நம் தலைக்குள் ஓடும், அதுவே அவர்களுக்குப் பக்கவாத்தியம். பாட்டையும் விட்டுவிட்டால் என்ன மிஞ்சும்? சிகாகோவில் 1965-இல் முஹல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸும் அவர் கூட்டாளிகளும் தொடங்கிய ஏஏசிஎம் என்ற இசைக்கலைஞர்கள் சங்கத்தில் இந்தக் கேள்வி தீவிரமாக எழுந்தது. கறுப்பினக் கலைஞர்கள் தங்கள் சொந்த இசையைத் தாங்களே எழுதி, தாங்களே மேடையேற்றவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இன்னொருவரின் பாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது அங்கே செல்லாது.

ஆன்டனி பிராக்ஸ்டன் அந்தச் சங்கத்தின் இளைஞர். மேடையேறித் தோன்றியதை வாசித்தால் போதும் என்று நம்பித்தான் முதலில் தனிக் கச்சேரிக்குப் போனார். சில நிமிடங்களிலேயே சரக்கு தீர்ந்துபோய், வாசித்ததையே திரும்ப வாசிக்க ஆரம்பித்துவிட்டார். இதைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவு எளிமையானது: சத்தங்களை வகை பிரிப்பது. நீண்ட சுரங்கள், டிரில்கள் (இரண்டு சுரங்களுக்கு நடுவே வேகமான ஊசலாட்டம்), அறுந்து அறுந்து விழும் குறுஞ்சுரங்கள், பெரிய தாவல்கள், ஒரே நேரத்தில் பல சுரம் கேட்கும் மல்டிஃபோனிக்ஸ் என்று பன்னிரண்டு வகை. ஒரு உருப்படிக்கு ஒரு வகையை எடுத்துக்கொண்டு, அதற்குள்ளேயே சுற்றுவது. கட்டுப்பாடு வந்தவுடன் சரக்கும் வந்துவிட்டது.

அதன் விளைவுதான் 'ஃபார் ஆல்டோ'. 1969-இல் சிகாகோவில் சாதாரண வசதிகளை வைத்துப் பதிவுசெய்து, 1971-இல் டெல்மார்க் நிறுவனம் இரட்டை எல்பியாக (நீண்ட நேரம் ஓடும் தட்டு) வெளியிட்டது. முழு ஆல்பமும் துணையில்லாத சாக்ஸபோன் என்று ஜாஸில் வந்த முதல் தட்டு இது. ஒவ்வொரு உருப்படியும் ஒருவருக்குச் சமர்ப்பணம். ஜான் கேஜுக்குச் சமர்ப்பித்தது ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். மைக் தாங்காமல் ஒலி கரகரக்கும் அளவுக்கு அலறுகிறது. மௌனத்தைக் கொண்டாடிய இசையமைப்பாளருக்கு இப்படி ஒரு கூச்சலைக் காணிக்கையாக்கியதில் குறும்பு இருக்கிறதா என்று நான் யோசித்ததுண்டு. ஆன், பீட்டர் ஆலன் இருவருக்கும் சமர்ப்பித்த உருப்படியோ எதிர்ப்பக்கம்: காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டிய மெல்லிய முணுமுணுப்பு. வெளிவந்த காலத்தில் இந்த ஆல்பத்தை வெறுத்த சாக்ஸபோன்காரர்கள் உண்டு, அதுவும் பெரிய பெயர்கள். நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் கேட்கச்சொல்லி யாரையும் நான் வற்புறுத்தமாட்டேன். பியானோக்காரர் செசில் டெய்லருக்குச் சமர்ப்பித்ததில் ஆரம்பியுங்கள். பழைய ஜாஸின் வாசனை அதில் இருக்கிறது, உள்ளே நுழைய எளிது.

இந்த வரிசையில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான பதிவும் பிராக்ஸ்டனோடு ஒரு வகையில் சம்பந்தப்பட்டதுதான். சுவிட்சர்லாந்தில் வில்லிசாவ் என்று ஒரு சிற்றூர். நிக்லாஸ் டிராக்ஸ்லர் என்ற வரைகலைஞர் அங்கே 1975 முதல் ஜாஸ் விழா நடத்திவந்தார். 1976 விழாவுக்கு பிராக்ஸ்டன் தனியாக வாசிப்பதாக ஏற்பாடு. அவரால் வர முடியவில்லை. அவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் மேடையேறியவர் ராஸ்கோ மிட்செல். இவரும் ஏஏசிஎம்காரர், ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ குழுவைத் தொடங்கியவர். பிராக்ஸ்டனை எதிர்பார்த்து வந்த கூட்டம் கடுப்பில் இருந்தது.

மிட்செல் 'நோனா' என்ற தன் உருப்படியை எடுத்தார். அதன் முதல் வரி ஒன்பது சுரம்: பெரிய பெரிய தாவல்கள், உரத்த தொனி, சட்டென்று முடியும். வாசித்தார், நிறுத்தினார். மறுபடி அதையே வாசித்தார், நிறுத்தினார். மறுபடி அதே. நாலைந்து தடவைக்குப் பிறகு நமக்கே என்னடா இது என்று ஆகிவிடும். வில்லிசாவ் கூட்டத்துக்கும் ஆனது. தட்டில் அது தெளிவாகக் கேட்கிறது: விசில், கத்தல், கேலிக் கைத்தட்டல். மிட்செல் அசையவில்லை. அதே ஒன்பது சுரம். கூட்டத்தின் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி தொனி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. ஒரு சுரம் கூடுதலாகக் கீறுகிறது, ஒரு இடைவெளி நீள்கிறது. அங்கே நடக்கும் சத்தத்தையும் உருப்படியின் பகுதியாகவே எடுத்துக்கொண்டதாக அவர் பிறகு விளக்கியிருக்கிறார்.

எப்போது விட்டுக்கொடுக்கிறார் என்பதுதான் விஷயம். பல நிமிடம் அந்த ஒற்றை வரியில் நின்ற பிறகு, கூட்டம் மெல்ல அடங்கத் தொடங்கியதும் வரி உடைகிறது. உடைந்த துண்டுகளிலிருந்து வேறு வரிகள் முளைக்கின்றன. இருபது நிமிடத்தைத் தாண்டும் அந்த வாசிப்பின் பிற்பகுதியில், ஆரம்பத்தில் கத்தியவர்களே ஆரவாரம் செய்கிறார்கள். இது பிடிவாதத்தின் வெற்றி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அங்கே தொழில் சார்ந்த ஒரு நுட்பமும் இருக்கிறது. தனியாக வாசிப்பவருக்குத் துணை இல்லை என்றோமே, மிட்செல் அன்றைக்கு அந்தக் கூட்டத்தையே பக்கவாத்தியமாக மாற்றிக்கொண்டார். அவர்கள் கத்தியது அவருக்குத் தாளம். அவர்கள் அடங்கியது அவருக்கு அடுத்த பகுதிக்குப் போக சைகை. 1977-இல் நெசா நிறுவனம் 'நோனா' என்ற பெயரிலேயே இரட்டை எல்பியாக இதை வெளியிட்டது. அதே ஆல்பத்தில் மிட்செல், ஜோசப் ஜார்மன், ஹென்றி த்ரெட்கில், வாலஸ் மக்மில்லன் நால்வரும் ஆல்டோவில் இதே உருப்படியை வாசித்திருக்கிறார்கள். தனியாக வாசித்ததைக் கேட்டுவிட்டு அதையும் கேட்டால் அந்த ஒன்பது சுரத்துக்குள் எவ்வளவு இடம் இருந்தது என்று புரியும்.

இந்த 1970-களில்தான் தனி சாக்ஸபோன் ஆல்பங்கள் சரம்சரமாக வந்தன. காரணத்தைக் கலையில் மட்டும் தேடவேண்டாம், கணக்கிலும் தேடலாம். 78 ஆர்பிஎம் தட்டில் மூன்று, நான்கு நிமிடம்தான் பிடிக்கும். எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குமேல் இடம் இருந்தது. பெரிய நிறுவனங்கள், கார்டு, தாளக் கட்டுகளை உதறிய ஃப்ரீ ஜாஸைக் கைவிட்டதும் சின்னச் சின்ன லேபிள்கள் ஐரோப்பாவில் முளைத்தன. பெர்லினில் எஃப்எம்பி 1969-இல், லண்டனில் டெரக் பெய்லியும் டோனி ஆக்ஸ்லியும் இவான் பார்க்கரும் சேர்ந்து தொடங்கிய இன்கஸ் 1970-இல், மார்ட்டின் டேவிட்சனின் எமானெம் 1974-இல். ஸ்டுடியோவுக்குப் பணமில்லாத லேபிளுக்கு ஒரு ஆள், ஒரு மைக் போதும் என்பது வசதி. விழா நடத்துபவருக்கும் ஒரே ஒரு பயணச்சீட்டு.

எமானெமின் முதல் வெளியீடே தனி சாக்ஸபோன்தான்: ஸ்டீவ் லேசி 1972 ஆகஸ்டில் ஃபிரான்ஸின் அவிஞோன் நகரில், ஷேன் நுவார் நாடக அரங்கில் வாசித்தது. லேசி நியூயார்க்காரர். பழைய டிக்ஸிலேண்ட் ஜாஸில் ஆரம்பித்து, செசில் டெய்லரோடு வாசித்து, 1960-இல் சில மாதங்கள் பியானோக்காரர் தெலோனியஸ் மங்கின் குழுவில் இருந்து, 1970-இல் பாரிஸில் குடியேறியவர். நவீன ஜாஸில், உயர்ந்த குரலுள்ள சொப்ரானோ சாக்ஸபோனை மட்டுமே கையில் எடுத்துக்கொண்டு வாழ்ந்த முதல் ஆள். சொப்ரானோ சண்டித்தனமான கருவி, கொஞ்சம் அசந்தால் சுருதி விலகும். லேசியின் தொனியிலோ நடுக்கமே கிடையாது. ஒரு சிறு வரியை எடுப்பார், அதைத் திருப்பிச் சொல்வார், ஒரு சுரத்தை மாற்றிச் சொல்வார், தூக்கி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். மூச்சு வாங்கும் இடைவெளியை அவர் மறைப்பதே இல்லை. அந்த நிசப்தம் வரிக்கு வரி நிறுத்தற்குறிபோல் விழுகிறது. நடுவில் வாத்து கத்துவதுபோல் ஒரு உருப்படி வரும். டெனர் மேதை பென் வெப்ஸ்டரை மனதில் வைத்து லேசி எழுதிய வாத்துப்பாட்டு அது, மரியாதையும் கிண்டலும் கலந்தது. இந்தத் துறைக்குள் முதன்முதலாக வருபவருக்கு என் சிபாரிசு இந்த அவிஞோன் பதிவுதான். மங்கின் உருப்படிகளை மட்டும் தனியாக வாசித்த 'ஒன்லி மங்க்' (1985) அதற்கடுத்தது.

இவான் பார்க்கரும் சொப்ரானோதான், ஆனால் லேசி கதவைத் திறந்துவைத்த இடத்தில் இவர் காற்றே புகாதபடி சுவர் எழுப்பினார். பர்மிங்ஹாமில் தாவரவியல் படிக்கப் போய், ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனைக் கேட்டுவிட்டுப் படிப்பை விட்டவர். மெட்டு, கார்டு, தாளம் எதையும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளாமல் வாசிக்கும் ஃப்ரீ இம்ப்ரொவைசேஷன் என்ற வகை பிரிட்டனில் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். 1975-இல் வந்த 'சாக்ஸபோன் சோலோஸ்' ஆல்பத்தில் அவர் துண்டு துண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறார். 1978-இன் 'மோனோசெரோஸ்' வரும்போது தேடியது கிடைத்துவிட்டது. அதை டேப்பில் பதியவில்லை, நேராகத் தட்டில் வெட்டினார்கள். நடுவில் நிறுத்தவோ திருத்தவோ முடியாது.

அவர் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். முதலில் மூச்சு. கன்னத்தில் காற்றை அடக்கிவைத்து, அதைக் கன்னத் தசையால் வாத்தியத்துக்குள் தள்ளும் அந்த ஒரு நொடியில் மூக்கால் புது மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பநிலைப் பயிற்சி ஒன்று உண்டு: ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு ஊதிக்கொண்டே, குமிழி நிற்காமல் மூக்கால் மூச்சு வாங்கிப் பழகுவது. நம் மகுடிக்காரர்கள் காலகாலமாகச் செய்துவருவதுதான். ஜாஸிலும் பார்க்கருக்கு முன்பே சிலர் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதை ஒரு சுரத்தை நீட்டிக் காட்டக் கைத்தட்டலுக்காகப் பயன்படுத்தினார்கள். பார்க்கர் இருபது நிமிடத்துக்கு இசையில் ஒரு இடைவெளிகூட இல்லாமல் செய்யப் பயன்படுத்தினார்.

அடுத்தது விரல்கள். இடது கை ஒரு வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றும், வலது கை வேறு நீளமுள்ள இன்னொரு வட்டத்தை. இரண்டும் சேரும்போது சாதாரண விரல்பிடிப்பில் வராத குறுக்குப் பிடிகள் உருவாகின்றன. குழாய்க்குள் காற்று ஒரே சீராக அதிராமல் பிளவுபட்டு அதிர்கிறது, ஒரு பிடிக்கு இரண்டு மூன்று சுரம் எழுகிறது. அதற்குமேல் நாக்கும் தொண்டையும். தொண்டையின் வடிவத்தை மாற்றுவதாலேயே மேல் ஹார்மோனிக்ஸில் (அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் மெல்லிய மேல்சுரங்கள்) ஒன்றைத் தூக்கிக் காட்டலாம், இன்னொன்றை அமுக்கலாம். இவ்வளவும் அதிவேகத்தில் நடக்கும்போது நம் காது ஏமாறுகிறது. மேலே உள்ள சுரங்களை ஒரு கோடாகவும், நடுவில் உள்ளவற்றை இன்னொரு கோடாகவும், கீழே உள்ளவற்றை மூன்றாவதாகவும் தானே பிரித்துக்கொள்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தனி வயலினுக்கு எழுதியதில் இரண்டு குரல் கேட்பதற்கும் இதே ஏமாற்றுதான் காரணம். ஆக, ஒரு நேரத்தில் ஒரு சுரம் என்ற குறை, மூச்சு என்ற குறை இரண்டையும் பார்க்கர் ஒரே அடியில் தீர்த்துவிட்டார்.

இதை முழுமையாகக் கேட்க 'தி ஸ்நேக் டிசைட்ஸ்' (1986) வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் பால்ஸ் என்ற தேவாலயக் கட்டடத்தில் பதிவானது. பதிவுசெய்தவர் மைக்கேல் கெர்சன், ஆம்பிசோனிக்ஸ் என்ற சூழொலி முறையை வகுத்தவர்களில் ஒருவரான கணித மூளை. அந்தத் தொழில்நுட்பக் கூர்மையால்தான் மேலே வெகு உயரத்தில் மின்னி மறையும் ஹார்மோனிக்ஸ்கூடத் தனித்தனியாகக் கேட்கின்றன. தலைப்பு உருப்படி ஏறக்குறைய ஒரு எல்பி பக்கம் முழுக்க ஓடும். முதல் இரண்டு நிமிடம் எரிச்சலாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு பூச்சிக்கூட்டம் மாதிரி. அப்புறம் காது பழகி, ஒவ்வொரு அடுக்காகப் பிரிய ஆரம்பிக்கும். ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், கீழ் அடுக்கு சுத்தமாகக் காணாமல் போய்விடும்.

பார்க்கருக்குப் பிறகு இந்த வித்தையைக் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். அதில்தான் சலிப்பான ஆல்பங்களில் பெரும்பாலானவை வந்தன. வித்தை வந்துவிட்டது, வைத்து என்ன சொல்வது என்பது வரவில்லை.

ஜப்பானின் காவோரு அபேயை இந்தக் கணக்கு வழக்குகளுக்குள் அடக்க முடியாது. 1949-இல் பிறந்து, 1978 செப்டம்பரில், 30 வயது தொடுவதற்குள் தூக்கமருந்து அளவு மீறி இறந்துபோனார். வாசித்ததெல்லாம் பெரும்பாலும் தனியாகத்தான், பெரும்பாலும் ஆல்டோ, பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில். வாய்முனையில் அதிரும் ரீட் என்ற நாணல் சீவல் கிழிந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு ஊதுவார், நிறுத்துவார், நீண்ட மௌனம், பிறகு எங்கிருந்தோ ஒரு பழைய பாட்டின் ஒரு வரி தலைகாட்டி அறுந்துபோகும். 1975-இல் பதிவான 'மோர்ட் அ க்ரெடிட்' இரட்டை ஆல்பத்தைத்தான் பலரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அவரைச் சுற்றி ஒரு சோகநாயகன் பிம்பம் வளர்ந்துவிட்டது. இறந்தபிறகு கிடைத்த ஒலிநாடா ஒவ்வொன்றும் ஆல்பமாகிவிட்டது. எல்லாமே அற்புதம் என்று சொல்பவர்கள் எல்லாவற்றையும் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

ஜோ மக்ஃபீயின் 'டெனர்' (1976) பற்றி அதிகம் பேசுவாரில்லை. பால்பேரிங் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர் மக்ஃபீ. அவர் இசையை வெளியிடுவதற்காகவே வெர்னர் உலிங்கர் என்ற சுவிஸ் ரசிகர் ஹாட் ஹட் லேபிளைத் தொடங்கினார், பின்னால் அது உலகப் புகழ் பெற்றது. 'டெனர்' ஆல்பத்தில் வித்தை எதுவும் இல்லை. அழுவதற்கும் பாடுவதற்கும் நடுவே ஒரு இடத்தில் நின்று ஊதுகிறார். பீட்டர் பிராட்ஸ்மனும் அந்தப் பக்கத்து ஆள்தான், சத்தம் மட்டும் பத்து மடங்கு. ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் ஓவியராக இருந்துகொண்டே ஐரோப்பாவின் மிக உரத்த சாக்ஸபோன்காரராகப் பெயரெடுத்தவர். 1984-இன் '14 லவ் போயம்ஸ்' அவரைப் பற்றிய பேச்சை மட்டும் கேட்டவர்களுக்கு அதிர்ச்சி தரும், அவ்வளவு குறுகிய, சில இடங்களில் மென்மையான உருப்படிகள். 2019-இல், எழுபத்தெட்டாவது வயதில், 'ஐ சரண்டர் டியர்' என்று பழைய ஸ்டாண்டர்டு பாடல்களை டெனரில் தனியாக வாசித்து ஒரு ஆல்பம் போட்டார். 2023-இல் காலமானார்.

ஜான் புட்சர் இன்னொரு வழி கண்டுபிடித்தார். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு இசைக்கு வந்தவர். 2006-இல் ஸ்காட்லாந்திலும் ஆர்க்னி தீவுகளிலும் ஒரு சுற்றுப்பயணம் போய், எதிரொலி அதிகமுள்ள இடங்களாகத் தேடி வாசித்தார்: ஹாமில்டன் கல்லறை மண்டபம், கைவிடப்பட்ட ஒரு நீர்த்தேக்கம், ஸ்மூ குகை, லைனெஸில் ஒரு பழைய எண்ணெய்த் தொட்டி, மீனைப் பாதுகாக்கப் பனிக்கட்டி சேர்த்துவைத்த கிடங்கு. அதுதான் 'ரெசனன்ட் ஸ்பேசஸ்' (2008). எதிரொலி என்றதும் நீண்ட அழகிய சுரங்களை ஊதி மயங்கவைப்பார் என்று நினைக்கவேண்டாம். அவர் அந்த இடத்தைச் சோதிக்கிறார். நாக்கால் ஒரு சொடுக்கு, துளைகளை அடைக்கும் சாவியை மூடும் ஒரு தட்டல், ரீடில் ஒரு முறுகல். எந்தச் சத்தத்துக்குக் கட்டடம் பதில் சொல்கிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறார். எண்ணெய்த் தொட்டியில் வாசித்ததில், வாத்தியம் எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கமுடியாத ஒரு கட்டம் வருகிறது. மிட்செலுக்கு வில்லிசாவ் கூட்டம் என்றால் புட்சருக்குச் சுவர்.

காலின் ஸ்டெட்சன் இந்த வம்சத்தில் ஒரு வெகுஜன முகம். ராக் ரசிகர்களையும் இழுத்துவந்தவர். ஆள் உயர பேஸ் சாக்ஸபோனில் பார்க்கரின் மூச்சு வித்தையை வைத்துக்கொண்டு, தெளிவான தாளமும் மெட்டும் உள்ள உருப்படிகளைக் கட்டுகிறார். 'நியூ ஹிஸ்டரி வார்ஃபேர்' வரிசையின் இரண்டாவது ஆல்பமான 'ஜட்ஜஸ்' (2011) கேட்டால் டிரம்ஸ் இருக்கிறது, பின்னால் யாரோ பாடுகிறார்கள் என்றுதான் தோன்றும். சில இடங்களில் வரும் விருந்தினர் குரல்களைத் தவிர மற்றதெல்லாம் அவர்தான். வாசித்ததன் மேல் இன்னொன்றைப் பதிந்து சேர்ப்பது இல்லை, ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் இல்லை. டிரம்ஸ் என்று கேட்பது வாத்தியத்தின் சாவிகள் அடித்து மூடும் சத்தம். பாடுவது, ஊதிக்கொண்டே அவர் தொண்டைக்குள் எழுப்பும் குரல், கழுத்தில் ஒட்டிய மைக் அதைப் பிடிக்கிறது. அறை முழுக்க மைக்குகளை நிரப்பி ஒரே நேரத்தில் பதிந்திருக்கிறார்கள். பழைய ஃப்ரீ ஜாஸ் ரசிகர்கள் சிலர் இதை ஜிம்னாஸ்டிக்ஸ் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அந்தப் புகார் பாதி புரிகிறது. அவர் உருப்படிகளில் ஆபத்து குறைவு, எங்கே போய் முடியும் என்று ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் சாக்ஸபோனைத் தனியாக ஊதினால் யார் கேட்பார்கள் என்று கேட்கும் நண்பருக்குப் போட்டுக்காட்ட என்னிடம் முதலில் இருப்பது இந்த ஆல்பம்தான். 'நோனா'வைப் போட்டுக்காட்டி ஒரு நட்பை இழக்கவும் நேர்ந்திருக்கும்.